பைக்குள் போன ரோல்கள்

கையும் களவுமாகப் பிடித்துவிட்டாள் பெரியவள்.

சமையலறையில் சின்னவள், அதாவது கொழுந்தன் பெண்டாட்டி, தட்டு நிறைய இருந்த சாஸேஜ் ரோல்களைத் தன் துணிப்பைக்குள் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றிரண்டு என்றாலும் போகட்டும் என்று விடலாம். தட்டே காலி!

"என்ன பண்றே நீ?"

சின்னவள் தூக்கிவாரிப் போடத் திரும்பினாள். "அக்கா, நானே உங்களைக் கூப்பிடலாம்னுதான்..."

அதற்குள் வாசலில் மணி அடித்தது.

வந்தது குடியிருப்போர் சங்கத் தலைவி, கூடவே நாலு கமிட்டிப் பெண்கள். சங்கக் கூடத்தில் ஞாயிற்றுக்கிழமைதோறும் சமையல் வகுப்பு நடத்த வேண்டும் என்று பெரியவளுக்கு ரெண்டு வருஷமாக ஆசை. 'முதல்ல உங்க கைப்பக்குவத்தைப் பார்த்துடறோமே' என்று தலைவி சொல்லியிருந்தாள். இன்றைக்குத்தான் அந்தப் பரீட்சை.

"எல்லாத்தையும் எடுத்துத் தட்டுல வை. உன்னை அப்புறம் கவனிச்சுக்கறேன்" என்று பல்லைக் கடித்துச் சொல்லிவிட்டு, அதே பல்லால் சிரித்துக்கொண்டே வாசலுக்கு ஓடினாள்.

வயிறு எரியாதா பின்னே? விடியற்காலையில் எழுந்து, தானே மாவு பிசைந்து, பொங்கவிட்டு, கயிறு மாதிரி திரித்து, விரல் நீள இறைச்சித் துண்டான சாஸேஜ் ஒவ்வொன்றையும் சுற்றிச் சுற்றி ஓவனில் வைத்திருக்கிறாள். பாக்கெட்டைப் பிரித்தபோது சாஸேஜ்கள் கண்ணாடி மாதிரி பளபளவென்று இருந்ததில் அவளுக்கு அவ்வளவு திருப்தி. சரக்குன்னா இப்படி இருக்கணும் என்று தன்னையே மெச்சிக்கொண்டாள். வீட்டில் வேறு யாரும் மெச்சுவதில்லை.

சின்னவளும் ஒத்தாசைக்கு என்று ரெண்டு டப்பா ரோல் செய்து கொண்டுவந்திருந்தாள். செய்முறை பெரியவளுடையதுதான். மாவு மட்டும் பேக்கரியில் வாங்கியது.

"கடை மாவா? மவராசி! அதை அந்த மூலையில வை. வர்றவங்க கண்ணுல காட்டிடாதே" என்று அப்போதே ஒரு போடு போட்டிருந்தாள்.

பெரியவள் விருந்தாளிகளை உட்காரவைத்து உபசாரம் பேசி முடிப்பதற்குள், சின்னவள் தட்டைக் கொண்டுவந்து வைத்தாள். தட்டு நிறைய ரோல்.

ஆஹா, பயந்து திருப்பி வைத்துவிட்டாள்! ஆனால் சமையலறைக் கதவோரம் அந்தத் துணிப்பை இன்னமும் உப்பலாகத்தான் உட்கார்ந்திருந்தது. பாதியை அமுக்கிக்கொண்டாளாக்கும் என்று பெரியவள் முடிவே கட்டிவிட்டாள்.

தலைவி ஒன்றை எடுத்துக் கடித்தாள். எல்லார் கண்ணும் அவள் வாய் மேல். மென்றாள். விழுங்கினாள். இன்னொன்றை எடுத்தாள்.

"பஞ்சு மாதிரி இருக்கே! மாவு நீங்களே பிசைஞ்சதா?"

"பின்னே? கடை மாவு இந்த வாசப்படியே தாண்டாது." பெரியவள் தானும் ஒன்றை எடுத்துக் கடித்தாள். கண்ணை மூடிக்கொண்டாள். "கையால பிசைஞ்சா அந்த ருசியே தனிங்க. சில பேருக்கு உடம்பு வளைய மாட்டேங்குது. வாங்கறதுலயும் சுருட்டறதுலயும்தான் கெட்டிக்காரத்தனம்."

எல்லாரும் சிரித்தார்கள். யாரைச் சொல்கிறாள் என்று சின்னவளுக்குத் தெரியாதா? முகம் சிவந்துபோயிற்று. ஆனாலும் எல்லாருக்கும் டீ ஊற்றினாள்.

தட்டு காலியாயிற்று. தலைவி எழுந்து பெரியவளின் கையைப் பிடித்துக் குலுக்கினாள். "வர்ற ஞாயிறே வகுப்பை ஆரம்பிச்சுடுங்க. முதல் பாடம் இதே ரோல்தான்!"

பெரியவளுக்குத் தலைகால் புரியவில்லை. விருந்தாளிகளை லிஃப்ட் வரைக்கும் போய் வழியனுப்பிவிட்டு வந்தாள். கதவைச் சாத்தியதும்தான் பாக்கிக் கணக்கு நினைவுக்கு வந்தது.

"எடு அந்தப் பையை."

"வேண்டாம்க்கா. எல்லாம்தான் நல்லபடியா முடிஞ்சிருச்சே. விட்டுடுங்க."

"விடறதா? கேட்டிருந்தா நானே நாலு குடுத்திருப்பேனே! என் வீட்டுலயே கை வைக்கிறியே, வெக்கமா இல்ல?"

"அது குப்பையில போடறதுக்குக்கா. இங்கே குப்பைத்தொட்டியில போட்டா வந்தவங்க கண்ணுல படுமேன்னுதான்..."

"நான் செஞ்சது உனக்குக் குப்பையா?" பையைப் பிடுங்கி ஒரு ரோலை எடுத்தாள். "இந்த முறுக்கு என் கை முறுக்கு. என் கை ருசி எனக்கு அடையாளம் தெரியாதா? இப்பப் பாரு!"

நறுக்கென்று கடித்தாள். மாவு வந்தது. சாஸேஜ் வரவில்லை. பல்லை அழுத்தி இழுத்தாள். சவ்வாக இழுபட்டது. வாயில் விரலை விட்டு உருவினாள்.

விரல் நீளத்துக்கு ஒரு பிளாஸ்டிக் உறை, கண்ணாடி மாதிரி பளபளவென்று தொங்கியது.

"நீங்க சேலை மாத்தப் போனப்ப ஒண்ணைக் கடிச்சுப் பார்த்தேன்க்கா" என்றாள் சின்னவள் மெதுவாக. "எல்லாத்துலயும் இப்படித்தான் இருந்துச்சு."

பெரியவள் பையைப் பார்த்தாள். மூலையில் திறந்து கிடந்த ரெண்டு காலி டப்பாவைப் பார்த்தாள்.

"அப்ப... அவங்க சாப்பிட்டது?"

"கடை மாவுதான்க்கா."

 பெரியவள் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் நின்றாள்.

சின்னவள் அவள் கையிலிருந்த உறையை வாங்கிப் பைக்குள் போட்டு, பையை இறுக்கி முடிந்து தோளில் மாட்டிக்கொண்டாள்.

"ஞாயித்துக்கிழமை வகுப்புக்கு நான் ஒரு மணி நேரம் முன்னாடியே வந்துடறேன்க்கா. யாரும் வர்றதுக்குள்ள சாஸேஜை உரிச்சு வெச்சிடலாம்."