பலகையில் இருந்தவள்

வடக்கிலிருந்து வந்த செங்கழுத்துக் குருவி ஒன்று புயலில் கூட்டத்தைத் தவறவிட்டு, ஏரிக்கரைப் பறவைப் பூங்காவில் ஒதுங்கியது. அந்தப் பக்கம் யாரும் பார்த்திராத இனம் என்பதால், ஆட்கள் கேமராவோடு வந்து அதைத் தேடினார்கள். குருவி பயந்துபோய்க் கோரைப்புல்லுக்குள் ஒளிந்தே கிடந்தது.

ஒருநாள் காலையில் வாசல் பலகையில் தன்னைப் போலவே ஒருத்தி இருப்பதைக் கண்டது. தேடி வருகிறவர்களுக்காக ஒட்டிய படம் அது. குருவிக்கு அது தெரியவில்லை. பறந்துபோய்ப் பக்கத்தில் உட்கார்ந்து, ஊர்க்கதையெல்லாம் சொன்னது. வந்தவர்களோ பலகையைத் திரும்பிப் பார்க்காமல் ஏரிக்கு விரைந்தார்கள்.

"அக்கா, இவ ஏன் வாயே திறக்க மாட்டேங்கறா?" என்று பூங்காவின் மைனாவிடம் கேட்டது.

மைனாவுக்கு உண்மையைச் சொல்ல மனம் வரவில்லை. "புது இடமில்லையா, கூச்சமா இருக்கும்" என்றது.

"நானும் வந்த புதுசுல அப்படித்தான் இருந்தேன்."

பங்குனியில் தென்றல் வீசத் தொடங்கியது. "இப்பக் கிளம்பினாத்தான் உன் கூட்டத்தைப் பிடிக்க முடியும்" என்று மைனா அவசரப்படுத்தியது.

குருவி வடக்கு வானத்தையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தது.

"இவளை விட்டுட்டா? தனியா இருக்கறது எப்படின்னு எனக்குத் தெரியும், அக்கா" என்று சொல்லிவிட்டு, பலகையை இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்கார்ந்தது.