கடைசி வசனம்

மத்தியான வெயில் சலூன் கண்ணாடியில் பட்டு, நாற்காலியில் சாய்ந்திருக்கும் பஸ் டிரைவரின் கண்ணைக் கூசச் செய்கிறது. முகமெல்லாம் சோப்பு நுரை. சவரம் செய்பவர் அவர் மனைவியின் அண்ணன். பின்சுவர் டிவியில், இருவரும் இருபது வருஷமாக அலுக்காமல் பார்க்கும் அந்த ராஜா காலத்துப் படம் சத்தமில்லாமல் ஓடுகிறது. சத்தம் எதற்கு? நெட்டைச் சிப்பாயின் வசனம் மச்சானுக்கு, குட்டைச் சிப்பாயின் வசனம் டிரைவருக்கு என்று என்றைக்கோ பங்கு பிரித்தாயிற்று. ஒரு எழுத்து பிசகாது. குட்டைச் சிப்பாயின் கடைசி வசனம் மட்டும் டிரைவர் வாயிலிருந்து ஒரு நாளும் வந்ததில்லை. "என் ஆளாவது, தோக்குறதாவது!" என்று சிரித்தே மழுப்பிவிடுவார்.

கண்ணாடிக்குள் தெரியும் படத்தில் பனிமூட்டம். அதற்குள் வாள்கள் மோதுகின்றன. சண்டை வந்தால் சவரக்கத்தியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுவது மச்சானின் வழக்கம். இன்று தூக்கவில்லை. மண்டியிட்ட குட்டைச் சிப்பாயின் கழுத்தில் நெட்டைச் சிப்பாய் வாளை வைக்கிறான். டிரைவரின் கழுத்திலும் கத்தி சில்லென்று படிகிறது. கண்ணாடியில் பார்த்தால் இரண்டும் ஒரே கை, ஒரே சாய்வு.

"சொல்லு மாப்ளே," என்கிறார் மச்சான், படத்திலிருந்து கண்ணை எடுக்காமல். பழகிய குரலாக இல்லை. டிரைவருக்குச் சிரிப்பு வரவில்லை. திரையில் குட்டைச் சிப்பாய் வாயைத் திறந்தபடி இருக்கிறான். இருபது வருஷத்தில் அந்த வாய் இவ்வளவு நேரம் திறந்திருந்ததே இல்லை. 'தோத்துட்டேன்.' ஒரே ஒரு வார்த்தைதான். ஆனால் அதைச் சொல்ல, தொண்டை அசைய வேண்டும்.