கடல்வாள், நான்காம் பாகம்

மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய ஒடேரா, மனைவி நீட்டிய தேநீரைக்கூட வாங்கவில்லை. நேராகக் கண்ணாடி அலமாரியின் முன் போய் நின்றார்.

“தீக்கொம்பனோட கை ஏன் மேல தூக்கியிருக்கு?”

“உங்களை வரவேற்கத்தான், வாத்தியாரே” என்றாள் அபோண்டி.

கல்யாணத்துக்கு ஒடேராவின் அம்மா வாங்கிக் கொடுத்த அலமாரி அது. பீங்கான் தட்டுகளை அடுக்கி வைப்பதற்காக. தட்டுகள் கட்டிலுக்கு அடியில் அட்டைப்பெட்டிக்குள் கிடந்தன. அலமாரிக்குள் சாண் உயரத்தில் நின்றவர்கள் எல்லாம் உலகத்தைக் காப்பாற்றுகிறவர்கள், இல்லாவிட்டால் அதை அழிக்கப் பார்க்கிறவர்கள்.

கிசுமு நகரில் ஒரு மேல்நிலைப் பள்ளியின் துணைத் தலைமையாசிரியர் ஒடேரா. அவர் வராந்தாவில் நடந்து வந்தால் வகுப்பறைகள் மூச்சை அடக்கிக்கொள்ளும். வீட்டில், அபோண்டியின் அழகு நிலையத்திலிருந்து எடுத்து வந்த பவுடர் பூசும் தூரிகையால், ஒவ்வொரு சூப்பர் ஹீரோவுக்கும் முகம் துடைத்துவிடுவார். பொம்மை என்று யாராவது சொல்லிவிட்டால் போதும், அன்றைக்கு முழுவதும் பேச்சு இருக்காது.

அபோண்டிக்குப் பிடித்தது கடல்வாள் என்ற வீராங்கனை. ஒடேராவுக்குப் பிடித்தது அவளுடைய எதிரி தீக்கொம்பன். அந்த வீட்டில் யார் எந்தப் பக்கம் என்பதில் குழப்பமே இல்லை.

ஒரே ஓர் ஒப்பந்தம் இருந்தது. கடல்வாள் படம் எதையும் ஒருவரை விட்டுவிட்டு மற்றவர் பார்க்கக் கூடாது. கல்யாணத்தின்போது செய்த மற்ற சத்தியங்கள் அவ்வப்போது கொஞ்சம் தளர்ந்ததுண்டு. இது தளர்ந்ததில்லை.

நான்காம் பாகம் இணையத்தில் வெளியான மறுநாள் காலையில்தான் அறுவை சிகிச்சை. வயிற்றில் கட்டி. திறந்து பார்த்தால்தான் எதையும் சொல்ல முடியும் என்றிருந்தார் மருத்துவர்.

தள்ளுபடுக்கையில் கொண்டு போகும்போது ஒடேரா அவள் கையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

“நான் வர்ற வரைக்கும் தனியா பார்த்துடாத.”

என்னவோ பெரிய விஷயம் என்று நினைத்து, தள்ளிக்கொண்டு போன நர்ஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

கட்டி சாதாரணக் கட்டிதான் என்று முடிவு வந்தது. “உங்களுக்குள்ள கெட்டது எதுவும் இல்லையாம் வாத்தியாரே, என்னாலயே நம்ப முடியல” என்றாள் அபோண்டி.

தையல் இன்னும் பிரிக்கவில்லை. பலமாகச் சிரிக்கக் கூடாது, சிரிப்போ இருமலோ வந்தால் தலையணையை வயிற்றோடு அழுத்திப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

சனிக்கிழமை மதியம் அபோண்டி திரைச்சீலைகளை இழுத்து மூடினாள். ஒரு தட்டு நிறைய மண்டாசி என்ற இனிப்புப் போண்டாவைப் பொரித்து நடுவில் வைத்தாள். படம் ஆரம்பித்தது.

தீக்கொம்பன் கோட்டைக் கதவை உதைப்பதற்காகக் காலைத் தூக்கினான்.

ஒடேரா தலையணையை எடுத்து வயிற்றில் அழுத்திக்கொண்டார்.

அதற்குப் பிறகுதான் கதவு பெயர்ந்து தீக்கொம்பன் மேலேயே விழுந்தது.

அபோண்டி சிரிக்கவில்லை. அவள் தலையணையைப் பார்த்தாள்.

கொஞ்ச நேரம் கழித்து, கடல்வாள் மாறுவேடத்தில் சந்தையில் மீன் விற்க உட்கார்ந்தாள். படத்தில் யாரும் இன்னும் வாயைத் திறக்கவில்லை. தலையணை அதற்குள் வயிற்றுக்குப் போய்விட்டது.

அவள் படத்தை நிறுத்தினாள்.

“எப்போ பார்த்தீங்க?”

“எதை?” என்றார் ஒடேரா. காப்பியடித்து அவரிடம் மாட்டிக்கொள்ளும் பிள்ளைகள் முதலில் சொல்வதும் அதைத்தான்.

அவள் ரிமோட்டைக் கீழே வைக்கவில்லை.

“ஆபரேஷனுக்கு முந்தின ராத்திரி” என்றார் கடைசியில். “போர்வைக்குள்ள. ஒருவேளை திரும்பி வரலைன்னா, முடிவு தெரியாமலே போயிடுமேன்னு...”

“அப்புறம் என்னை எதுக்குத் தனியா பார்க்காதன்னு சொன்னீங்க?”

“வந்துட்டா சேர்ந்து பார்க்கணும்ல.”

“திருட்டு வாத்தியார்! திங்கட்கிழமை பள்ளிக்கூடத்துக்கு வந்து பிரேயர்ல சொல்றேன் இருங்க.”

படம் மறுபடி ஓடியது. அவள் விடுவதாக இல்லை. “அடுத்து என்ன வாத்தியாரே, உங்களுக்குத்தான் பாடம் மனப்பாடமாச்சே” என்று காட்சிக்குக் காட்சி குத்தினாள். துணைத் தலைமையாசிரியர் மண்டாசியை மென்றபடி தலையைக் குனிந்துகொண்டார்.

கடைசியில் கடல்வாள் தன் வாளைக் கைவிட்டு நீருக்குள் மூழ்கினாள். முந்தைய மூன்று பாகங்களுக்கும் விசும்பி விசும்பி அழுதவள் அபோண்டி. இதற்கு அவள் கண்கூடக் கலங்கவில்லை. நம் மேல் இன்னும் கோபம்தான் போலிருக்கிறது என்று ஒடேரா நினைத்துக்கொண்டார்.

பெயர்கள் ஓடின. நடுவில் ஒரு சின்னக் காட்சி. நீருக்குள்ளிருந்து ஒரு கை மேலே வந்தது. மறுபடி பெயர்கள்.

அவ்வளவுதான். வார்டில் அவர் இந்த இடத்தில்தான் போனை அணைத்துவிட்டுத் தூங்கினார். அணைப்பதற்காக ரிமோட்டை எடுத்தார்.

அபோண்டி அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

“இரு. இன்னொண்ணு இருக்கு.”

கறுப்புத் திரையில் பெயர்கள் மேலே ஏறிக்கொண்டே இருந்தன. ஒடேரா அவற்றைப் பார்க்கவில்லை.

“நீ எப்போ...?”

அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. மணிக்கட்டையும் விடவில்லை.

“சொன்ன நேரத்துக்கு உன்னை ஆபரேஷன் ரூம்லேருந்து வெளிய கொண்டுவரல. கேட்டா, யாரும் வாயத் திறக்கல” என்றாள். “முடிவைச் சொல்லாம உன்னை எப்படி அனுப்பறது?”