தெருப்படத்துக்கு வசனம்

காலையில் முகம் மழித்து, காப்பி குடித்து, பத்து மணிக்குக் கொட்டகைக்குப் போகிறேன். முன்பு என் துணிக்கடையாக இருந்த ஒற்றை அறைதான் கொட்டகை. ஊமைப்படம் ஓடும்போது திரையோரம் நின்று வசனம் சொல்வது என் வேலை. முதலாளி சபாபதி எங்கள் தெருவையே ஒரு படமாக எடுத்திருக்கிறார். தங்களைத் தாங்களே பார்க்க ஜனங்கள் வருகிறார்கள். அதில் என் மனைவி செண்பகவல்லி அந்தக் கடைவாசலில் திரும்பி என்னிடம் ஏதோ சொல்லிவிட்டுத் தெருவைக் கடக்கிறாள். அடுத்த நொடி அவள்மேல் டிராம் ஏறியது படத்தில் இல்லை.

“யோவ், அந்தம்மா இன்னாய்யா சொல்லுது?” என்று பெஞ்சிலிருந்து கத்துகிறார்கள்.

“புருஷன் மூஞ்சியப் பாத்தது போதுமாம், பூ வாங்கப் போறாளாம்.”

சிரிக்கிறார்கள்.

“நாளைக்கு வேற சொல்லுங்க சார்,” என்கிறார் சபாபதி.

அவள் சொன்னது இதுதான்: “கதவச் சாத்திடாதீங்க, இதோ வந்துடறேன்.”