ஒன்றும் செய்யாதவள்

மெத்தனால் புட்டியைக் கையில் எடுத்தவள் திறக்கவில்லை.

திரும்ப அலமாரியிலேயே வைத்தாள்.

ஆய்வகத் தட்டில் பிளாஸ்டிக் படலம் கிடந்தது. மஞ்சளாக, வெங்காயச் சருகைவிட மெல்லியதாக. வாயுக்களை வடித்துப் பிரிக்க அவள் வார்த்தெடுத்தது.

அதன் மூலக்கூறுகள் கோணல்மாணலானவை. விறைப்பானவை. ஒன்றோடொன்று ஒட்டிப் படுக்காது. இடையில் விழும் சந்துகளில்தான் வாயு புகுந்து போகும். ஆனால் நெரிசல் பஸ்ஸில் கூட்டம் குலுங்கிக் குலுங்கி அடங்குவது போல, நாள்பட நாள்பட அவையும் நெருங்கிவிடும். சந்துகள் அடைபடும். பார்வைக்கு ஒன்றும் தெரியாது.

படலத்துக்கு வயதாகிவிடும்.

மெத்தனாலில் ஊறவைத்து உலர்த்தினால் மறுபடி இளமை திரும்பும். ஒவ்வொரு சோதனைக்கு முன்பும் அவள் அதைச் செய்தாள். பேராசிரியர் தாமோதரனிடம் சொல்லியும் பார்த்தாள். பிளாஸ்டிக்குக்கு ஏது வயசு என்று சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

பிறகு காப்புரிமை விண்ணப்பம் போனது. அதில் அவள் பெயர் இல்லை.

கேட்கப் போனவளை நிற்க வைத்துக்கொண்டே துறைத்தலைவரிடம் பேராசிரியர் சொன்னார்.

"இந்தப் பொண்ணு இதுல ஒண்ணும் செய்யல சார்."

அன்று விடுதிக்குப் போய் அழுதாள். அதன் பிறகு அழவில்லை. கறுவிக்கொண்டே இருந்தாள்.

படலம் மாதக்கணக்காகத் தட்டில் கிடந்தது. அவள் தொடவில்லை.

புட்டியைத் திறக்காமல் வைத்த மறுநாள் காலை கம்பெனிக்காரர்கள் வந்து உட்கார்ந்தார்கள். படலம் பிடித்துப்போனால் அன்றே ஒப்பந்தம். பேராசிரியர் புதுக் கோட்டு போட்டிருந்தார். அவர் கேட்டதும் தட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தாள். அவரே கருவியில் பொருத்தினார். அவரே வாயுவைத் திறந்தார்.

படலத்தைக் கடக்கும் வாயுவைக் காட்டும் முள் கொஞ்சம் எழும்பியது.

அங்கேயே நின்றுவிட்டது.

அவர் கருவியைத் தட்டினார். இன்னும் திறந்தார். வந்தவர்களில் ஒருவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

தோற்றுக் கிடப்பது தன் படலம் என்பது அவளை உறுத்தியது. ஒரு கணம்தான். அவர் நெற்றியில் வியர்வை அரும்பியதைப் பார்த்ததும் நெஞ்சு குளிர்ந்துபோயிற்று.

அவர் அருகே வந்தார். பல்லைக் கடித்தபடி கேட்டார்.

"என்னம்மா செஞ்ச?"

எல்லோருக்கும் கேட்கும்படி, மிகுந்த பணிவோடு சொன்னாள்.

"நான்தான் இதுல ஒண்ணும் செய்யலையே சார்."