வடகரை மீன்

கருப்பணன் கத்தியைத் தீட்டத் தொடங்கியதும் ஈஸ்வர் ஓர் அடி பின்னால் நகர்ந்துகொண்டார்.

சாக்கின் மேல் மீன்கள் கிடந்தன. ஓரமாகக் கிடந்த கட்லா ஈஸ்வருடையது. அதன் தலையில் ஈட்டி போன துளை இருந்தது. அந்தத் துளையைப் போட்டது ஈட்டி இல்லை, அவர் வீட்டு ஸ்க்ரூடிரைவர்.

கன்னிவாடிப் பக்கம் மலையடிவாரத்தில் ஓர் அணை. அணைக்கு நடுவே ஒரு திட்டு, நாலு கருவேலமரமும் பாறையுமாக. ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் பரிசலில் ஏறி அங்கே வந்துவிடுவார்கள். மூச்சடக்கித் தண்ணீருக்குள் முங்கி, ஈட்டித் துப்பாக்கியால் மீன் அடிக்கிற கிறுக்கு பிடித்த கூட்டம். ஒருவர் ஈட்டி இன்னொருவர் மேல் பாய்ந்துவிடக் கூடாதென்று ஆளுக்கொரு கரை. ஈஸ்வருக்கு வடகரை. கருப்பணனுக்குத் தென்கரை.

அடித்த மீனெல்லாம் ஒரே சட்டிக்குள் போகும். அதற்கு முன்னால் ஒரு சடங்கு உண்டு. அறுக்கிறவர் ஒவ்வொரு மீனாகத் தூக்கி, ஈட்டி பட்ட இடத்தைப் பார்த்துச் சத்தமாகச் சொல்ல வேண்டும். தலையடி என்றால் கைதட்டு. வயிற்றடி என்றால் அன்று முழுக்கக் கேலி.

ஈஸ்வர் ஒரு காலத்தில் தலையடிக்குப் பேர்போனவர். ஆடி மாதம் காது ஜவ்வு கிழிந்தது. இனி தலை தண்ணீருக்குள் போகவே கூடாது என்று டாக்டர் கையெடுத்துக் கும்பிடாத குறையாகச் சொல்லிவிட்டார்.

அதைக் கூட்டத்தில் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. முங்காதவனுக்குத் திட்டில் என்ன வேலை? வராதே என்று யாரும் சொல்லமாட்டார்கள். பாவம் என்பார்கள். அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை போன் பண்ண மறந்துபோவார்கள்.

மகளின் பேறுகாலத்துக்குக் கோயம்புத்தூர் போன மனைவி, பேரன் பள்ளிக்கூடம் போகும்வரை அங்கேதான் என்று சொல்லிவிட்டாள். சின்னாளப்பட்டி வீட்டில் டிவி பேசும், அவர் கேட்பார். எதிரே நின்று 'சாப்டீங்களாண்ணே' என்று ஒரு மனிதர் கேட்பது ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான். அதை விட்டுக்கொடுக்க அவருக்கு மனமில்லை.

அதனால் வருகிற வழியில் ரோட்டோரக் கடையில் மீன் வாங்கிப் பைக்குள் ஒளிப்பார். வடகரைப் பாறைக்குப் பின்னால் போய்க் காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு தலைமுடியை நனைப்பார். பிறகு மற்றவர்கள் கரையேறும்வரை சும்மா உட்கார்ந்திருப்பார். அவர் கொக்கைப் பார்ப்பார். கொக்கும் அவரைப் பார்க்கும்.

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். ஈஸ்வரின் புளுகு தை மாதம்வரை ஓடிவிட்டது.

ஓடியதற்குக் காரணம் கருப்பணன். உயிரோடு அடிபட்ட மீனுக்குத் துளையைச் சுற்றி ரத்தம் கட்டிச் சிவந்திருக்கும். செத்த மீனைக் குத்தினால் துளை வெளுத்துக் கிடக்கும். முங்குகிற எவருக்கும் இது தெரியும். கருப்பணன் மட்டும் உற்றுப் பார்ப்பதே இல்லை. ஒட்டன்சத்திரம் மண்டியில் தக்காளிக் கூடையை மேலாகப் பார்த்தே விலை சொல்கிற பழக்கம் போலிருக்கிறது என்று ஈஸ்வர் நினைத்துக்கொள்வார்.

"இன்னிக்கு நான் அறுக்கேன். கத்தியக் குடுங்கண்ணே" என்றாள் ஷைனி. பள்ளிக்கூட டீச்சர். பிட்டு அடிக்கிறவனை வாசலில் நின்றே கண்டுபிடிக்கிற கண் அவளுக்கு.

ஈஸ்வர் கட்லாவை மறைத்தாற்போல் நகர்ந்து நின்றார்.

"இது நம்ம வேலைங்க டீச்சர்" என்றார் கருப்பணன். ஆனியில் அந்த வேலையை வலியக் கேட்டு வாங்கியவர், அன்றிலிருந்து கத்தியை யாருக்கும் தந்ததில்லை.

கட்லாவைத் தூக்கினார். அதன் செவுளுக்குள்ளிருந்து ஒரு ஐஸ் துண்டு நழுவித் தரையில் விழுந்தது.

ஈஸ்வர் பார்த்தார். கருப்பணனும் பார்த்தார்.

இனி என்ன இருக்கிறது? முழுப் பூசணிக்காய் சோற்றிலிருந்து வெளியே வந்துவிட்டது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை டிவியோடுதான் என்று ஈஸ்வர் முடிவே கட்டிவிட்டார்.

கருப்பணனின் கால் விரல் அந்த ஐஸ் துண்டை மெல்ல மண்ணுக்குள் தள்ளியது.

"தலையடி!"

எல்லாரும் கைதட்டினார்கள். ஷைனி விசிலே அடித்தாள்.

கூட்டம் அடுப்பு மூட்டப் போனதும், கருப்பணன் தலை நிமிராமல் சொன்னார்.

"ஏனுங்கண்ணா, அடுத்த வாரம் ரெட்டியார்சத்திரத்துல கையூம் பாய் கடையில வாங்கிக்குங்க. அவரு ஐஸ் வெக்கறதில்லீங்க."

ஈஸ்வருக்கு முகம் சுண்டிப்போனது. பார்வையைச் சாக்கின் பக்கம் திருப்பினார்.

சாக்கில் ஒரே ஒரு மீன் மிச்சமிருந்தது. கருப்பணனுடைய ரோகு. தன் அடியைத் தானே சொல்வது அழகில்லை என்று, தன் மீனை அவர் எப்போதும் கடைசியில், எல்லாரும் அடுப்புப் பக்கம் போன பிறகுதான் அறுப்பார்.

அதன் தலையில் ஒரு துளை. சுற்றிலும் ஒரு பொட்டு ரத்தம் இல்லை. துளை வெளுத்துக் கிடந்தது.

இவருக்கு என்ன, காதா நெஞ்சா என்று ஈஸ்வர் கேட்கவில்லை. இத்தனை ஞாயிற்றுக்கிழமையும் வடகரையில் ஒருவர், தென்கரையில் ஒருவர், நடுவில் வெறும் நாலு கருவேலமரம்.

குனிந்து, மீனின் வாலைப் பிடித்துக்கொடுத்தார்.

"தெக்குக் கரையில நெழலு இருக்கா தம்பி?"