கண் திறக்காத யானை

துணித் துண்டுகளை அடுக்கடுக்காக வைத்து ஒரு யானையைத் தைத்துக்கொண்டிருந்தது ஊசி. எந்த மிருகமானாலும் கண்ணைக் கடைசியில் தைப்பதுதான் அதன் வழக்கம்.

"அண்ணே, தும்பிக்கை ஒல்லியா இருக்காமே. மேல இன்னொரு துணி வையேன்," என்றது யானை.

"உனக்கு இன்னும் கண்ணே வைக்கல. யார் சொன்னது?"

"கத்தரிக்கோல் அக்காதான்."

ஊசி எரிச்சலை அடக்கிக்கொண்டு பட்டுத்துணி வைத்துத் தைத்தது. மறுநாள் காது சின்னதாம், வெல்வெட் வைத்தது. அதற்கு மறுநாள் முகம் சப்பையாம். ஜீன்ஸ் துணி ஏறியது. ஒவ்வொரு தடவையும் துணி வெட்டித் தர, கத்தரிக்கோல் வாயைத் திறந்துகொண்டு வந்து நின்றது.

"அடுத்தவங்க பேச்சைக் கேட்டே என் உயிரை எடுக்கறியே. இப்பவே கண்ணை வெச்சுடறேன். இனிமே நீயே பார்த்துக்கோ."

"முகத்துல இன்னும் ஒரே ஒரு துணி அண்ணே. அப்புறம் வாயே திறக்க மாட்டேன்."

அதையும் வைத்துவிட்டுக் கண் தைக்க இறங்கிய ஊசி, நடு அடுக்கில் மாட்டிக்கொண்டு இரண்டாக ஒடிந்தது. காதுள்ள பாதி தரையில் விழுந்ததால், மிச்சப் பேச்சையும் அது கேட்க வேண்டியதாயிற்று.

"அக்கா, இப்ப நான் எப்படி இருக்கேன்?"

கத்தரிக்கோல் யானையை மேலும் கீழும் பார்த்தது.

"லட்சணமாத்தான் இருக்கே. என்ன, கண்ணு ஒண்ணுதான் இல்ல."